கணப்பும் ஏசியும் காலுக்குக் கீழேயே இருக்கு: ஒரு அரசு மருத்துவரின் நீண்ட பதிவு

1)


"டாக்டர், சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதிட்டு இருந்தீங்க. இப்போ என்ன திடீர்னு போர் போடுறது, பைப்பு, கம்ப்ரசர்னு ஆரம்பிச்சுட்டீங்க?"

கேட்பீர்கள் என்று தெரியும். காரணம் இருக்கிறது. குளிருக்காக வீட்டுக்குள் நெருப்பு மூட்டித் தூங்கி, காலையில் எழாமல் போனவர்களின் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வந்துகொண்டே இருக்கிறது. இது தடுக்கக்கூடிய மரணம். அதனால் எழுதுகிறேன்.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டில் குளிர் பிரதேசத்தில் இருக்கும் சொந்தங்களுக்கும் அனுப்புங்கள்.

2)
முதலில் ஒரு அடிப்படை விஷயம்.

நம் உடலின் உள் வெப்பநிலை சுமார் 37 டிகிரி செல்சியஸ். வெளியே என்ன நடந்தாலும் மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் இதைக் காவல் காக்கிறது.

குளிரும்போது தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும். அதனால் ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கனவே இதய நோய் இருக்கிறவருக்கு அந்தக் கூடுதல் சுமையே மாரடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ காரணமாகலாம். குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் இறப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதலில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்கணும் என்று சொல்கிறது.

3)
வெயில் மட்டும் சும்மா விடுமா?

2003 கோடையில் ஐரோப்பாவில் வீசிய வெப்ப அலையில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. பிரான்சில் மட்டும் சுமார் 15 ஆயிரம் பேர். பெரும்பாலும் முதியவர்கள். பலர் தனியாக, குளிரைத் தாங்கக் கட்டிய வீட்டுக்குள், குளிர்விக்க எந்த வசதியும் இல்லாமல் இறந்தார்கள்.

ஆக, வீட்டின் வெப்பநிலையை வெறும் சொகுசு விஷயமாகப் பார்க்கக் கூடாது. குடிநீர், கழிப்பறை மாதிரி அதுவும் ஒரு பொது சுகாதார விஷயம். இது என் உறுதியான கருத்து.

4)
சரி, மனிதன் இத்தனை காலம் வீட்டை எப்படிச் சூடாக்கினான்?

நெருப்பு வைத்து. விறகு, கரி, நிலக்கரி, எண்ணெய், கேஸ். பொருள் மாறியதே தவிர, வீட்டுக்குள்ளோ வீட்டு ஓரத்திலோ எதையோ எரிப்பது மாறவில்லை.

அதன் விலையை லண்டன் 1952 டிசம்பரில் கொடுத்தது. கடும் குளிர், காற்று அசையவில்லை, லட்சக்கணக்கான வீடுகளின் நிலக்கரிக் கணப்புப் புகையும் ஆலைப் புகையும் ஐந்து நாள் ஊரை மூடிவிட்டது. அப்போதைய கணக்குப்படி சுமார் 4 ஆயிரம் மரணங்கள். பிற்கால ஆய்வுகள் 12 ஆயிரம் வரை இருக்கலாம் என்றன. அதன் பிறகுதான் 1956ல் அங்கே தூய காற்றுச் சட்டம் வந்தது.

5)
புகை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத எமன் ஒருத்தன் இருக்கிறான். கார்பன் மோனாக்சைடு.

நிறம் இல்லை. வாசனை இல்லை. கரியோ கேஸோ சரியாக எரியாதபோது உருவாகும். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் இவனே உட்கார்ந்துகொண்டால் ஆக்சிஜன் எங்கே ஏறுவது?

முதலில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. "ஜலதோஷம் போல" என்று படுத்துவிடுவார்கள். தூக்கத்திலேயே மயக்கம். அதோடு சரி.

6)
இதில் ஒரு கண்ணாமூச்சி வேறு உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஹீமோகுளோபினோடு ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்காது. "98 காட்டுதே, நல்லாத்தானே இருக்கார்" என்று ஏமாந்துவிடக் கூடாது.

சாதாரணக் காற்றில், ரத்தத்தில் ஏறிய இந்த வாயுவில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். அதனால் ஆஸ்பத்திரிக்கு வரும் வேகம்தான் உயிர்.

ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே இதைச் சந்தேகப்படுங்கள்.

அமெரிக்காவில் தீ விபத்துகள் சேராமலே ஆண்டுக்கு 400க்கும் மேற்பட்டோர் இந்த நச்சால் இறக்கிறார்கள். வசதியான நாட்டிலேயே இந்த நிலை.

7)
"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று நினைக்க வேண்டாம்.

நம்ம ஊட்டி, கொடைக்கானலில் விடுதி அறைக்குள் கரி அடுப்பையோ பார்பெக்யூ அடுப்பையோ வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கி, இளைஞர்கள் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

காஷ்மீரில் வேறொரு கதை. அங்கே காங்ரி என்று ஒன்று உண்டு. கரித்தணல் போட்ட மண் சட்டி, சுற்றி பிரம்புக் கூடை. அதை ஃபெரன் என்ற நீள அங்கிக்குள் வைத்து அணைத்துக்கொள்வார்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் சூடு பட்டு, தொடையிலும் வயிற்றிலும் தோல் புற்றுநோயே வரும். 1866லேயே எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் இதைப் பதிவு செய்தார். மருத்துவப் புத்தகங்களில் "காங்ரி புற்றுநோய்" என்றே அதற்குப் பெயர்.

குளிருக்கு வேறு வழி இல்லாத மனிதன் நெருப்பை மடியில் கட்டிக்கொள்கிறான். அவனைத் திட்டிப் பயனில்லை. வேறு வழியைக் கொடுக்கணும்.

8)
அந்த வேறு வழிகளில் ஒன்றுதான் இன்றைய விஷயம். நிலத்தடி ஹீட் பம்ப்.

இதைப் புரிந்துகொள்ள கிணற்றடிக்கு வாருங்கள்.

மார்கழி விடியற்காலையில் கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றினால் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை மத்தியானத்தில் அதே கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். தண்ணீர் மாறிவிட்டதா? இல்லை. அது ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில்தான் இருந்தது. மேலே இருக்கும் காற்றுதான் மாறியது.

சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் கீழே போனால், மண்ணின் வெப்பநிலை வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

வெளியே மைனஸ் 15 டிகிரி பனி. ஆனால் காலுக்குக் கீழே 10 டிகிரி. நமக்கு 10 டிகிரி என்றால் நடுங்கும். ஆனால் மைனஸ் 15ஐ விட அது 25 டிகிரி சூடு.

9)
இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

ஐஸ்லாந்தின் ரேக்யவிக் நகரில் 1930ல் வெந்நீர் ஊற்றிலிருந்து 3 கிலோமீட்டர் குழாய் போட்டு பள்ளிக்கும், நீச்சல் குளத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், சுமார் 60 வீடுகளுக்கும் சூடு கொடுத்தார்கள். பிறகு அது ஊர் முழுக்கப் பரவி, நிலக்கரிப் புகை மூட்டம் ஓய்ந்தது. அது எரிமலை தந்த வரம். எல்லா ஊருக்கும் கிடைக்காது.

நான் சொல்லும் ஹீட் பம்புக்கு எரிமலையும் வேண்டாம், வெந்நீர் ஊற்றும் வேண்டாம். சாதாரண மண்ணும் பாறையும் போதும்.

10)
எப்படி வேலை செய்கிறது?

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காய்கறியின் வெப்பத்தைப் பிடுங்கி வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு இறைக்கிறது.

அதே வேலைதான் இங்கேயும். போர் போடுவது மாதிரி 50 முதல் 200 மீட்டர் வரை துளை போடுவார்கள். யு வடிவில் பிளாஸ்டிக் குழாயை இறக்கி, சுற்றி அடைத்துவிடுவார்கள். குழாய்க்குள் தண்ணீரும் உறையாமல் இருக்க ஒரு கலவையும் சுற்றிச் சுற்றி வரும். நிலத்தடி நீரை உறிஞ்சுவதில்லை. குழாய்க்குள் இருப்பதேதான் திரும்பத் திரும்பச் சுற்றும்.

குளிர்காலத்தில் மண்ணின் வெப்பத்தை எடுத்து, கம்ப்ரசர் அதை உயர்த்தி வீட்டுக்குக் கொடுக்கும். கோடையில் தலைகீழ். வீட்டின் வெப்பத்தை எடுத்து மண்ணுக்குள் இறக்கிவிடும்.

பேங்க் அக்கவுண்ட் மாதிரி. கோடையில் போடுகிறோம், குளிர்காலத்தில் எடுக்கிறோம்.

11)
மிச்சம் எவ்வளவு?

ஒரு யூனிட் கரண்டை ஹீட்டர் காயிலுக்குக் கொடுத்தால் ஒரு யூனிட் வெப்பம் கிடைக்கும். கேஸ் பாய்லரில் எரிவாயுவின் ஆற்றலில் ஒரு பகுதி புகையோடு போய்விடும்.

நிலத்தடி ஹீட் பம்ப்புக்கு ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் 3 முதல் 5 யூனிட் வரை வெப்பம் வீட்டுக்கு வரும். மந்திரம் இல்லை. மீதி மண் கொடுப்பது.

"கரண்டே நிலக்கரியில்தானே டாக்டர் வருது?" நியாயமான கேள்வி. கணக்குப் போடுவோம். நிலக்கரியில் 100 பங்கு ஆற்றல் இருந்தால், அனல் மின் நிலையத்தில் சுமார் 35 பங்குதான் கரண்டாகும். அதை ஹீட்டர் காயிலுக்குக் கொடுத்தால் 35 பங்கு வெப்பம். நான்கு மடங்கு தரும் ஹீட் பம்புக்குக் கொடுத்தால் 140. எரித்த கரியில் இருந்ததைவிட அதிகம்! அதோடு அந்தப் புகைபோக்கி உங்கள் குழந்தையின் படுக்கையறைக்குள் இல்லை.

12)
இனி மருத்துவராக நான் பார்க்கும் நன்மைகள்.

ஒன்று: வீட்டுக்குள் எதுவும் எரிவதில்லை. எரியாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு உருவாகாது. ஆஸ்துமா குழந்தைக்கும், சிஓபிடி இருக்கும் தாத்தாவுக்கும் புகை இல்லாத மூச்சு.

இரண்டு: ஒரே கருவி குளிருக்கும் வெயிலுக்கும். 2003 மாதிரி வெப்ப அலை வந்தாலும் வீட்டில் குளிர்விக்க வழி இருக்கும். குளிர் நாடுகளில் சில சமயம் கம்ப்ரசரே ஓடாமல், மண்ணின் குளிர்ந்த நீரைச் சுற்றவிட்டாலே போதும்.

மூன்று: பராமரிப்புச் செலவு குறைவு. பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டுக் குளிரில் உட்காரும் முதியவர்களுக்கு இதுவே ஒரு மருந்து.

13)
நான்கு: இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

1976 ஜூலையில் பிலடெல்பியா நகர ஹோட்டல் ஒன்றில் முன்னாள் ராணுவத்தினர் மாநாடு. 182 பேருக்கு நிமோனியா. 29 பேர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில்தான் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் லெஜியோனெல்லா. ஹோட்டலின் ஏசிக்கான கூலிங் டவர்தான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. இன்றும் பல ஊர்களில் இந்த நோய் பரவுவதற்குச் சரியாகப் பராமரிக்காத கூலிங் டவர்களின் நீர்த்துளிகள் காரணமாகின்றன.

வெப்பத்தை மண்ணுக்குள் இறக்கும் கட்டடத்துக்குக் கூலிங் டவர் தேவையில்லாமல் போகலாம், அல்லது சிறியதே போதும். எதிர்ப்பு சக்தி குறைந்த நோயாளிகள் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

14)
ஐந்து: சாதாரண ஏசி நம் அறையைக் குளிர்வித்து, அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரைப் பற்றிய 2014 ஆய்வு ஒன்று, ஏசிகள் வெளியேற்றும் வெப்பத்தால் சில பகுதிகளில் இரவு வெப்பநிலை 1 டிகிரிக்கும் மேல் கூடுவதாகக் கணித்தது.

ஏசி இருக்கிறவர் உள்ளே தூங்குகிறார். ஏசி இல்லாத பக்கத்து வீட்டுக்காரரும் தெருவோரம் படுக்கிறவரும் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறார்கள். வெப்ப வாதத்தில் வருவது பெரும்பாலும் இவர்கள்தான். வெப்பத்தை மண்ணுக்குள் அனுப்பினால் தெருவில் உறங்குபவன் தலையில் அது விழாது.

15)
"பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு, நடைமுறையில?"

ஸ்வீடன்: 1973 எண்ணெய் நெருக்கடியில் அடி வாங்கிய நாடு. 1991ல் கார்பன் வரி போட்டது. இன்று அங்கே தனி வீடுகளில் பாதிக்கும் மேல் ஏதோ ஒரு வகை ஹீட் பம்ப். அதில் மண்ணில் துளை போட்டவையும் ஏராளம். அவ்வளவு குளிர் நாட்டிலேயே வேலை செய்கிறது.

பால் ஸ்டேட் பல்கலைக்கழகம், இண்டியானா: ஆண்டுக்கு சுமார் 36 ஆயிரம் டன் நிலக்கரி எரித்துக்கொண்டிருந்த வளாகம். 2009ல் வேலையைத் தொடங்கி சுமார் 3,600 துளைகள் போட்டார்கள். 2014ல் நிலக்கரி பாய்லர்களை அணைத்தார்கள். மேலே புல்வெளியும் விளையாட்டு மைதானமும். கீழே கணப்பு.

ஷெர்மன் ஆஸ்பத்திரி, இல்லினாய்: 2009ல் திறந்த புதிய கட்டடத்துக்குப் பக்கத்தில் 15 ஏக்கர் ஏரி வெட்டி, அதன் அடியில் குழாய் போட்டு ஆஸ்பத்திரியைச் சூடாக்கிக் குளிர்விக்கிறார்கள்.

ஃப்ரேமிங்ஹாம், மாசசூசெட்ஸ்: 2024ல் ஒரு தெருப் பகுதியையே பொதுக் குழாயில் இணைத்தார்கள். செய்தது யார் தெரியுமா? கேஸ் விநியோகிக்கும் நிறுவனம்! கேஸ் குழாய் பதிக்கத் தெரிந்த அதே ஆட்களின் வேலை போகாமல், தண்ணீர்க் குழாய் பதிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

16)
பக்க விளைவே இல்லாத மருந்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். இதற்கும் உண்டு.

முதல் செலவு அதிகம். துளை போடுவதுதான் பெரும் செலவு. மண்ணுக்குள் இருக்கும் குழாய் 50 வருடத்துக்கும் மேல், உள்ளே இருக்கும் கருவி 20 வருடத்துக்கும் மேல் உழைக்கும் என்றாலும், முதல் நாள் பணம் வேண்டுமே.

கரண்ட் போனால் நின்றுவிடும். மாற்று ஏற்பாடு வேண்டும்.

தவறான இடத்தில் துளை போட்டால் ஆபத்து. ஜெர்மனியின் ஸ்டௌஃபன் என்ற சிற்றூரில் 2007ல் நகர மன்றக் கட்டடத்துக்காகத் துளை போட்டார்கள். அடியில் இருந்த ஒருவகைப் பாறை அடுக்கில் தண்ணீர் புகுந்து, அது ஜிப்சமாக மாறி ஊதிவிட்டது. ஊர் தரையே மேலே எழும்பி, 200க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ஸ்கேன் எடுக்காமல் ஆபரேஷன் செய்யலாமா? நிலவியல் ஆய்வு இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

17)
அடுத்து நீங்கள் கேட்கப்போவது தெரியும். "நம்ம சென்னைக்கு, மதுரைக்கு இது சரிவருமா?"

மருந்து நல்லதாக இருந்தாலும் எல்லா நோயாளிக்கும் எழுத மாட்டோம், இல்லையா?

சென்னையில் ஆண்டு சராசரியே 28 டிகிரிக்கு மேல். மண்ணும் அந்த அளவு சூட்டில்தான் இருக்கும். அதோடு நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவையே இல்லை. வருடம் முழுக்க அக்கவுண்டில் போட்டுக்கொண்டே இருப்போம், எடுக்கவே மாட்டோம். வருடங்கள் போகப் போக மண் சூடாகி, பலன் குறையும்.

அதனால் சமவெளித் தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைப் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யாராவது விற்க வந்தால் "மண் சூடானா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். நமக்கு முதல் வைத்தியம் மர நிழல், வெள்ளைப் பூச்சு அடித்த மொட்டைமாடி, காற்றோட்டம், நல்ல ஃபேன்.

குளிரும் வெயிலும் இரண்டும் உள்ள வட இந்தியாவில் கதை வேறு. டெல்லிக்குப் பக்கத்தில் குருகிராமில் டெரி நிறுவனத்தின் பயிற்சி வளாகத்தில் 4 மீட்டர் ஆழத்தில் காற்றுச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். அங்கே மண் சுமார் 26 டிகிரி. அந்தக் காற்றுதான் கோடையில் அறையைக் குளிர்விக்கிறது, குளிர்காலத்தில் கதகதப்பாக்குகிறது.

18)
எங்கே இது முதலில் வர வேண்டும்?

காஷ்மீர், லடாக், இமாச்சல். அங்கே இருக்கும் அரசு ஆஸ்பத்திரிகள், பிரசவ வார்டுகள், பள்ளி விடுதிகள். பிறந்த குழந்தைக்குக் குளிர் எமன். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் மோசம். அந்த வார்டைச் சூடாக வைக்க மண்ணெண்ணெயும் விறகும் எரிப்பதற்குப் பதில், மண்ணின் சூட்டை எடுக்கலாம்.

நம் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பெரிய ஆஸ்பத்திரி, விடுதிகளுக்கு யோசிக்கலாம். ஆனால் நிலச்சரிவு ஆபத்துள்ள மலை. கண்ட இடத்தில் துளை போட முடியாது. ஆய்வு செய்து, பாதுகாப்பான இடத்தில் மட்டும். முடியாத இடத்தில் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் இருக்கிறது. நம் ஊர் மலைக்குளிருக்கு அதுவே தாராளம்.

19)
"இது பணக்காரங்க சமாச்சாரம்" என்ற விமர்சனத்துக்கு என் பதில் இதுதான்.

தனி மனிதர்கள் தலையில் செலவைக் கட்டினால் பணக்காரர் சமாச்சாரமாகத்தான் இருக்கும். அதனால்தான் பொதுக் கட்டடங்களில் தொடங்கணும் என்கிறேன்.

ஆஸ்பத்திரி 24 மணி நேரமும் இயங்கும். 50 வருடம் அதே இடத்தில் நிற்கும். விற்றுவிட்டுப் போகாது. முதலீட்டை முழுசாகத் திரும்ப எடுக்கக்கூடிய கட்டடம் அதுதான். அங்கே மிச்சமாகும் கரண்ட் பில் மருந்தாகவும் செவிலியர் பணியிடமாகவும் மாறலாம். துளை போடுகிறவர்களுக்குப் பழக்கமும் வரும், விலையும் இறங்கும். பிறகு சாமானியர் வீட்டுக்கு வரும்.

20)
இனி நீங்கள் செய்ய வேண்டியது.

மலைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு: அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது. "லேசா ஜன்னல் திறந்திருக்கு" என்பதும் பாதுகாப்பு இல்லை. அணைந்த மாதிரி தெரியும் தணலும் நச்சைக் கக்கும். இன்னொரு கம்பளி வாங்கிக்கொள்ளுங்கள்.

கனடா, ஐரோப்பா, அமெரிக்காவில் இருக்கும் சொந்தங்களுக்கு: கேஸ் ஹீட்டிங் இருந்தால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். பேட்டரியைச் சோதியுங்கள். வருடம் ஒருமுறை பாய்லரைச் சரிபாருங்கள். பழைய பாய்லர் மாற்றும் நேரம் வந்தால், "ஹீட் பம்ப் போட முடியுமா, அரசு மானியம் உண்டா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

யாராவது மயங்கிக் கிடந்தால்: மூச்சை அடக்கிக் கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே தூக்கி, உடனே 108. உள்ளே உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் அடுத்து நீங்கள் விழுவீர்கள்.

21)
அடுப்புப் புகையிலிருந்து நம் அம்மாக்களை கேஸ் அடுப்பு பெருமளவு மீட்டது. அது சமையலறையில் நடந்த மாற்றம். குளிர் பிரதேசங்களில் படுக்கையறையிலும் அதே மாற்றம் நடக்கணும். அதற்கான கருவி கையில் இருக்கிறது. தேவையான வெப்பம் காலுக்குக் கீழேயே இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்கள். டூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.

மலைக்குக் கிளம்பும் நண்பர்களுக்கு 20ஆம் பகுதியை மட்டுமாவது அனுப்பிவிடுங்கள்.